டோசி போட்டதும் காய்ச்சல் இறங்குது, ஐஎல்-6 மட்டும் ஏறுது: இந்த சார்ட்டை எப்படிப் படிப்பது?

கயல்_வார்டு

வணக்கம். கார்-டி செல் சிகிச்சைக்கு (டி செல்லைப் புற்றைத் தாக்கும்படி மாற்றி ஏற்றுவது) வார்டைத் தயார் செய்யும் பயிற்சியில் ஒரு மாதிரி சார்ட் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான நோயாளியுடையது அல்ல, பயிற்சிக்காக எழுதியது. எடை 62 கிலோ, பி-செல் லிம்போமா, பி-செல்லின் மேலிருக்கும் சிடி19-ஐக் குறிவைக்கும் கார்-டி ஏற்றியாயிற்று.

3-ம் நாள் காலை: காய்ச்சல் 39.4 டிகிரி செல்சியஸ், பிபி 84/50, சலைன் ஏற்றியதும் 98/60. ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஐஎல்-6 (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்களில் ஒன்று) மில்லிலிட்டருக்கு 480 பிகோகிராம், சிஆர்பி (அழற்சியின்போது ஏறும் ரத்தப் புரதம்) லிட்டருக்கு 142 மி.கி. டோசிலிசுமாப் (டோசி) ஒரு டோஸ் கொடுத்தாயிற்று.
4-ம் நாள்: காய்ச்சல் 37.2, பிபி சரி. சிஆர்பி 96. ஐஎல்-6 3,900.
5-ம் நாள்: காய்ச்சல் இல்லை. சிஆர்பி 41. ஐஎல்-6 2,700.
7-ம் நாள்: காய்ச்சல் 38.5, சிஆர்பி 12, நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளணு) மைக்ரோலிட்டருக்கு 200.

கேள்விகள்: ஐஎல்-6-ஐ அடக்கத்தானே டோசி போடுகிறோம், பிறகு ஏன் எட்டு மடங்கு ஏறுகிறது? அடுத்த டோஸ் போட வேண்டுமா? 7-ம் நாள் சிஆர்பி 12 என்றால் நிம்மதியாக இருக்கலாமா? கூடவே ஒரு பொதுச் சந்தேகம். இந்த சைட்டோகைன்களை ஒரு பக்கம் மருந்தாகக் கொடுக்கிறோம் (ஐஎல்-2), இன்னொரு பக்கம் விஷம் மாதிரித் தடுக்கிறோம் (ஐஎல்-6). இது எப்படி?

*

எலும்புமஜ்ஜை

கயல் சிஸ்டர், முதல் கேள்விக்குப் பதில், டோசிலிசுமாப் ஐஎல்-6-ஐத் தொடுவதே இல்லை. அது போய் ஒட்டுவது ஐஎல்-6-இன் ஏற்பியில்.

ஐஎல்-6 தனியாக எதையும் செய்யாது. முதலில் தன் ஏற்பியில் ஒட்ட வேண்டும், அந்த ஜோடி ஜிபி130 என்ற இன்னொரு புரதத்தோடு சேர வேண்டும். அப்போதுதான் செல்லுக்குள் ஜாக் நொதிகள் விழித்து, ஸ்டாட்3 என்ற, மரபணுக்களை இயக்கும் புரதத்தைக் கருவுக்குள் அனுப்பும். ஜிபி130 ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஐஎல்-6 ஏற்பி அப்படியில்லை, கல்லீரல் செல்களிலும் சில வெள்ளணுக்களிலும்தான். அதே ஏற்பி செல்லிலிருந்து கழன்று ரத்தத்திலும் மிதக்கிறது என்பதில்தான் சிக்கல். மிதக்கும் ஏற்பி ஐஎல்-6-ஐப் பிடித்துக்கொண்டு போய், ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் போன்ற, சொந்தமாக ஏற்பி இல்லாத செல்களிலும் ஜிபி130-ஐத் தட்டிவிடும். குழாய் கசிவதும் பிபி விழுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். டோசி இரண்டு வகை ஏற்பியையும் அடைக்கிறது, செல்லில் இருப்பதையும் மிதப்பதையும்.

இப்போது எண் ஏன் ஏறுகிறது? ஐஎல்-6 ரத்தத்திலிருந்து வெளியேறும் முக்கிய வழியே ஏற்பியில் ஒட்டி, செல்லுக்குள் இழுக்கப்பட்டு அழிவதுதான். அந்த வழியை நாமே அடைத்துவிட்டோம். உற்பத்தி நிற்கவில்லை, வடிகால் இல்லை, எனவே தேங்குகிறது. 4-ம் நாளில் 3,900 என்பது மருந்து தோற்றதன் அடையாளம் அல்ல. மருந்து ஏற்பியில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். நோயாளியைப் பாருங்கள், காய்ச்சல் இல்லை, பிபி நிற்கிறது. இந்த நிலையில் இரண்டாவது டோஸ் வேண்டாம்.

சிஆர்பி ஏன் இறங்குகிறது என்பதும் இதே கதைதான். கல்லீரல் சிஆர்பி தயாரிக்கப் பிரதானத் தூண்டல் ஐஎல்-6. சமிக்ஞை அறுந்ததும் புதிய உற்பத்தி நிற்கும், ரத்தத்தில் இருப்பது சுமார் 19 மணி நேர அரை ஆயுளில் கரையும். உங்கள் சார்ட்டில் 142, 96, 41 என்று போவது அந்தக் கணக்குக்கு ஒத்து வருகிறது. முதல் நாள் கொஞ்சம் மந்தம், பிறகு வேகம்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. கார்-டி கிளப்பும் இந்தச் சைட்டோகைன் புயலைத்தான் சிஆர்எஸ் என்கிறோம், அதன் தீவிரத்துக்குத்தான் தரம் போடுகிறோம். ஏஎஸ்டிசிடி என்ற அமெரிக்கச் செல் சிகிச்சைச் சங்கத்தின் 2019 வரையறையில் ஐஎல்-6, சிஆர்பி, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) எதற்கும் இடமில்லை. காய்ச்சல், பிபி, ஆக்சிஜன் மூன்றே விஷயம். 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் மட்டும் இருந்தால் தரம் 1. பிபி விழுந்து திரவத்திலேயே நிமிர்ந்தால், அல்லது மூக்குக் குழாய் வழி நிமிடத்துக்கு 6 லிட்டருக்குள் ஆக்சிஜன் போதுமானால் தரம் 2. பிபியைத் தூக்க ஒரு வாசோபிரசர் மருந்து, அல்லது அதற்கு மேல் ஓட்ட ஆக்சிஜன் என்றால் 3. வாசோபிரசினைக் கணக்கில் சேர்க்காமல் ஒன்றுக்கு மேற்பட்ட வாசோபிரசர், அல்லது சிபாப் (முகமூடி வழி அழுத்தக் காற்று), வென்டிலேட்டர் என்றால் 4. உங்கள் சார்ட் 3-ம் நாள் தரம் 2, டோசி கொடுத்தது சரி.

பயிற்சியில் பலரும் தவறவிடும் வரி ஒன்று அதே வரையறையில் இருக்கிறது: டோசியோ ஸ்டீராய்டோ கொடுத்த பிறகு, தரம் போடக் காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. காய்ச்சல் போய் பிபி மட்டும் விழுந்து கிடந்தாலும் அது சிஆர்எஸ் தொடர்கிறது என்றே எண்ணப்படும்.

*

பைப்பெட்_பரமு

ஆய்வகப் பக்கத்திலிருந்து. அந்த 480-ஐயும் 3,900-ஐயும் ஒப்பிடும் முன்னால் இரண்டும் ஒரே கருவியில் வந்ததா என்று கேளுங்கள். ஐஎல்-6-க்கு வெவ்வேறு கம்பெனிக் கிட் வெவ்வேறு எண் தரும். ஒரு ஆய்வகத்தின் 480-ம் இன்னொரு ஆய்வகத்தின் 480-ம் ஒன்றல்ல. ஒரு நோயாளிக்கு முதல் நாளிலிருந்து கடைசி வரை ஒரே ஆய்வகம், ஒரே கிட், ஒரே வகைக் குழாய். சீரம் என்றால் சீரம், இடிடிஏ பிளாஸ்மா என்றால் அதுவே.

ரத்தம் எடுத்ததும் ட்ரேயில் மூன்று மணி நேரம் கிடக்க விடாதீர்கள். குழாய்க்குள் இருக்கும் மோனோசைட் வெள்ளணுக்களுக்கு உயிர் இருக்கிறது, அறை வெப்பத்தில் அவை பாட்டுக்கு சைட்டோகைன் சுரந்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிட வேண்டும். உடனே பரிசோதிக்க முடியாவிட்டால் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்க வேண்டும். உருக்கி உருக்கி உறைய வைத்த மாதிரி எதற்கும் உதவாது. சலைன் ஓடும் கையிலிருந்து எடுத்தால் நீர்த்துப்போய் எண் குறையும், இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அடுத்து, மேல் எல்லை. பல கிட்டுகள் 5,000 பிகோகிராம் வரைதான் நேரடியாக அளக்கும். கடுமையான சிஆர்எஸ்ஸில் அதைத் தாண்டுவது சாதாரணம். ரிப்போர்ட்டில் ‘5,000-க்கு மேல்’ என்று வந்தால் நீர்க்க வைத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய சைட்டோகைன் இருந்தால் சாண்ட்விச் முறையில் (இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவில் பிடித்து அளப்பது) இரண்டு ஆன்டிபாடியும் தனித்தனியாக நிரம்பிவிடும், சாண்ட்விச் உருவாகாமல் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். நோயாளி மோசமாகிக்கொண்டே போகிறார், ஐஎல்-6 திடீரென்று பாதியாகியிருக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வரட்டும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுபவரா என்றும் கேளுங்கள். பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் வைத்து வேலை செய்யும் கிட்டுகளை அது கெடுக்கும்.

இன்னொன்று. டோசி கைவசம் இல்லாதபோது சில இடங்களில் சில்டுக்சிமாப் போடுவார்கள். அது ஏற்பியை விட்டுவிட்டு ஐஎல்-6-ஐயே பிடிக்கும் மருந்து. போட்ட பிறகு வரும் ஐஎல்-6 எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, மருந்தோடு ஒட்டிக் கிடப்பதையும் கிட் எண்ணிவிடும். பரிசோதனைக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

*

மருந்தறை_மணி

டோசி கலப்பதில் நடக்கும் குளறுபடிகளை மட்டும் சொல்கிறேன்.

30 கிலோவும் அதற்கு மேலும் என்றால் கிலோவுக்கு 8 மி.கி., அதற்குக் கீழ் கிலோவுக்கு 12 மி.கி. ஒரு டோஸ் எக்காரணம் கொண்டும் 800 மி.கி.-யைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்குத்தான் கிலோ கணக்கில் அதிகம் என்பதைக் கவனியுங்கள், ‘குழந்தைதானே’ என்று 8 போட்டால் குறைந்துபோகும். குப்பியில் மில்லிலிட்டருக்கு 20 மி.கி. இருக்கும், 80, 200, 400 மி.கி. குப்பிகள். 62 கிலோவுக்கு 496 மி.கி., அதாவது 24.8 மி.லி. 400-ம் 80-ம் சேர்த்தால் 480. பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் குப்பிக்கு ஏற்றபடி முழுமையாக்க உங்கள் மருந்துக் குழுவின் அனுமதி இருந்தால் 480-ஓடு நிறுத்தலாம், ஒரு குப்பி மிச்சம். அனுமதி இல்லாவிட்டால் மூன்றாவது குப்பியைத் திறக்கத்தான் வேண்டும்.

100 மி.லி. நார்மல் சலைன் பையிலிருந்து, போடப்போகும் மருந்தின் அளவுக்குச் சலைனை முதலில் உறிஞ்சி வெளியே எடுங்கள். 24 மி.லி. மருந்து என்றால் 24 மி.லி. சலைன் வெளியே. பிறகு மருந்தைச் சேர்த்துப் பையை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். குலுக்கினால் நுரைக்கும், புரதம் கெடும். 30 கிலோவுக்குக் கீழ் 50 மி.லி. பை. ஒரு மணி நேரம் ஓட வேண்டும், ஐவி புஷ் கூடவே கூடாது. அதே லைனில் வேறு மருந்து சேர்க்காதீர்கள். கலந்த பை 24 மணி நேரம் தாங்கும், வெளிச்சம் படாமல் வையுங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த டோஸுக்கு 8 மணி நேர இடைவெளி, மொத்தம் நான்குக்கு மேல் வேண்டாம்.

கார்-டி பையை உருக்கும் முன்னாலேயே, அந்த நோயாளியின் பேரில் இரண்டு டோஸ் டோசி ஃபிரிட்ஜில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கணினியில் இருப்பு காட்டுகிறது என்பதை நம்ப வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு அது வேறு வார்டு மூட்டுவாத நோயாளிக்குப் போயிருக்கும்.

ஐஎல்-2 பற்றிக் கேட்டீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. டோசிக்குச் சலைன், ஐஎல்-2-க்குச் சலைன் ஆகாது. ஆல்டெஸ்லூக்கின் என்பது மருந்தாகச் செய்த ஐஎல்-2, குப்பியில் 22 மில்லியன் யூனிட், கரைத்த பிறகு மி.லி.-க்கு 18 மில்லியன். 1.2 மி.லி. மலட்டு நீரைக் குப்பியின் சுவரில் வழியவிட்டுச் சுழற்ற வேண்டும், பிறகு 50 மி.லி. 5 சத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். சலைனிலோ, கிருமித் தடுப்பான் கலந்த நீரிலோ கலந்தால் மூலக்கூறுகள் திரண்டுகொள்ளும். லைனில் ஃபில்டரும் கூடாது. பழக்க தோஷத்தில் சலைன் பையைக் கை எடுத்துவிடும், அதனால் லேபிளிலேயே ‘டெக்ஸ்ட்ரோஸ் மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

*

கயல்_வார்டு

ரொம்ப நன்றி டாக்டர், பரமு சார், மணி சார். வடிகால் அடைபட்டதால் தேங்குகிறது என்பது புரிந்துவிட்டது. 7-ம் நாள் பற்றித்தான் இன்னும் தெளிவில்லை. சிஆர்பி 12-தானே, சிஆர்எஸ் திரும்பி வந்ததாக எடுத்துக்கொண்டு டோசி போடலாமா? இன்னொன்று, ஸ்டீராய்டு போட்டால் கார்-டி செல்கள் செத்துவிடும், கடைசிவரை தொடாதீர்கள் என்று ஒருவர் சொன்னார். சரியா?

*

எலும்புமஜ்ஜை

7-ம் நாள் சிஆர்பி-யைப் பார்த்து நிம்மதி அடைந்தால் நோயாளியை இழக்க நேரிடும். டோசி உடம்பில் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். அது இருக்கும்வரை ரத்தத்தில் கிருமி பெருகினாலும் கல்லீரலுக்குச் செய்தி போகாது, சிஆர்பி ஏறாது. 12 என்ற எண்ணுக்கு அர்த்தம் ‘தொற்று இல்லை’ என்பதல்ல, ‘ஏற்பி இன்னும் அடைபட்டிருக்கிறது’ என்பது மட்டுமே. நியூட்ரோஃபில் 200 இருக்கும் ஒருவருக்கு டோசியையும் மீறிக் காய்ச்சல் வருகிறது என்றால், வேறென்று நிரூபிக்கப்படும் வரை அது தொற்று.

மைய லைனின் ஒவ்வொரு வழியிலிருந்தும் கையிலிருந்தும் பிளட் கல்ச்சர் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஓடத் தொடங்க வேண்டும், உங்கள் மருத்துவமனையில் எந்தக் கிருமி எதற்கு மசியும் என்ற பட்டியலைப் பார்த்து பைப்பராசிலின்-டாசோபாக்டமோ மெரோபெனமோ. கல்ச்சர் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உண்மையில் 3-ம் நாள் முதல் காய்ச்சலிலேயே இதெல்லாம் தொடங்கியிருக்க வேண்டும். சிஆர்எஸ்ஸையும் செப்சிஸையும் படுக்கையருகில் நின்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. உங்கள் சார்ட்டில் ஆன்டிபயாடிக் வரியே இல்லை. கேள்வி தயாரித்தவர் வேண்டுமென்றே விட்டிருந்தால் நல்ல பொறிதான்.

அதோடு ஃபெரிட்டின், ஃபைப்ரினோஜென் (ரத்தம் உறைய உதவும் புரதம்), கல்லீரல் நொதிகள், ட்ரைகிளிசரைடு அனுப்புங்கள். சிஆர்எஸ் அடங்கி வரும்போது ஃபெரிட்டின் நாளுக்கு நாள் பாய்ந்து ஏறி, ஃபைப்ரினோஜென் டெசிலிட்டருக்கு 150 மி.கி.-க்குக் கீழ் விழுந்து, செல் எண்ணிக்கை சரிந்தால் மேக்ரோபேஜ்கள் (விழுங்கும் வெள்ளணுக்கள்) கட்டுமீறிப் போகும் எச்எல்எச் மாதிரியான நிலையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு டோசி உதவாது. ஐஎல்-1-ஐத் தடுக்கும் அனாகின்ரா, ஸ்டீராய்டு, சில நேரம் ஜாக் நொதியைத் தடுக்கும் ரூக்ஸோலிட்டினிப். ஏன் ஐஎல்-1 என்றால், 2018-இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின: சிஆர்எஸ்ஸில் ஐஎல்-6-ஐப் பெரும்பாலும் கொட்டுவது கார்-டி செல் அல்ல, அதனால் தூண்டப்பட்ட மோனோசைட்டுகளும் மேக்ரோபேஜ்களும். ஐஎல்-1-ம் அவற்றிலிருந்தே வருகிறது. அனாகின்ரா கொடுத்த எலிகள் நரம்புப் பாதிப்பிலிருந்தும் தப்பின, டோசி அதற்கு உதவவில்லை.

நரம்புப் பாதிப்பு, அதாவது ஐக்கான்ஸ், பெரும்பாலும் சிஆர்எஸ் தணியும் நேரத்தில்தான் தலைகாட்டும். டோசி பெரிய மூலக்கூறு, மூளைக்குள் சரியாக நுழையாது. அதனால் சிஆர்எஸ் இல்லாத தனி ஐக்கான்ஸுக்கு டோசி போடுவதில்லை, டெக்ஸாமெத்தசோன்தான் முதல் மருந்து, வழக்கமாக 10 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை. ஐஸ் என்ற மூளைத் தெளிவு மதிப்பெண்ணைப் பத்துக்கு எடுக்க வேண்டும்: வருடம், மாதம், ஊர், மருத்துவமனை நான்கு, மூன்று பொருளின் பெயர், ஒரு சொல்படி நடத்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுதல். இதில் எழுத்து முக்கியம், அதுதான் முதலில் கெடும். செல் ஏற்றுவதற்கு முன்பே நோயாளியைத் தமிழிலேயே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி அந்தத் தாளைச் சார்ட்டில் ஒட்டுங்கள், தினமும் அதே வாக்கியத்தை அடுத்தடுத்த வரியில் எழுதட்டும். கோடு நடுங்குவதும், உயிர்மெய்க் குறி விடுபடுவதும், வரி சாய்ந்து இறங்குவதும் நோயாளி ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லும்போதே தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கையெழுத்தோ, ஒரு கட்டத்தை வரைவதோ, அதையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு பயம் பழைய கதை. செல்கள் ஒட்டுமொத்தமாகச் செத்துவிடாது. லிம்போமாவுக்கான ஆக்ஸி-செல் என்ற கார்-டி ஏற்றிய நாளிலும் அடுத்த இரண்டு நாளிலும் 10 மி.கி. டெக்ஸாமெத்தசோன் முன்தடுப்பாகக் கொடுத்துப் பார்த்தபோது பலன் கண்கூடாகக் குறையவில்லை, கடுமையான சிஆர்எஸ் குறைந்தது. அதற்காகக் கணக்கில்லாமல் கொட்டவும் கூடாது. மொத்த அளவு மிக அதிகமாகவும் வாரக்கணக்கிலும் கொடுத்தவர்களின் விளைவுகள் மோசம் என்று பின்னோக்கிய ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் முதலிலேயே நோய் முற்றியவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேவைப்படும்போது தாமதிக்காமல் தொடங்கி, தணிந்ததும் சீக்கிரம் நிறுத்துவது என்பதுதான் இப்போதைய போக்கு.

எந்தக் கார்-டி என்பதையும் சார்ட்டின் மேலேயே எழுதுங்கள். ஆக்ஸி-செல்லில் காய்ச்சல் சராசரியாக 2-ம் நாள் வரும், மைலோமாவுக்கான சில்டா-செல்லில் 7-ம் நாள் வரும். ஒன்றில் 7-ம் நாள் காய்ச்சல் சந்தேகத்துக்குரியது, மற்றதில் எதிர்பார்த்தது. நம் நாட்டிலேயே ஐஐடி மும்பையும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி-க்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எனவே இனி ஒரே வார்டில் இரண்டு மூன்று வகை வரும், ஒரே அட்டவணையை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடாதீர்கள்.

*

டி_செல்_பித்தன்

மருந்தா விஷமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

சைட்டோகைன் என்பது ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சொல்லும் செய்தி. தூரம் மிகக் குறைவு, ஆயுள் நிமிடக் கணக்கு. 1980-களில் புற்றுநோய்க்கு ஐஎல்-2 கொடுக்கத் தொடங்கியபோது நடந்தது, திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதை ஊர் முழுக்கத் தண்டோரா போட்டது. ஆல்டெஸ்லூக்கின் ரத்தத்தில் பாதியாக 85 நிமிடம்தான் எடுக்கும், அதை ஈடுகட்டக் கிலோவுக்கு 6 லட்சம் யூனிட், எட்டு மணிக்கு ஒருமுறை, 14 டோஸ் வரை, 9 நாள் ஓய்வு, மறுபடி 14. கட்டி இருக்கும் இடத்தில் போதுமான அளவு சேர வேண்டுமென்று உடம்பு முழுவதையும் அதில் முக்கினார்கள். குழாய்கள் கசிந்து, பிபி விழுந்து, சிறுநீர் நின்று, நுரையீரலில் நீர் கோர்த்தது. இத்தனைக்கும் பலன் கிடைத்தது ஏழில் ஒருவருக்குச் சற்று மேல். ஆனால் புற்று முழுமையாக மறைந்த அந்த 6-7 சதவீதத்தில் பலர் பல வருடம் நோயில்லாமல் வாழ்ந்தார்கள். அதனால்தான் 1992-இல் சிறுநீரகப் புற்றுக்கும் 1998-இல் மெலனோமா என்ற தோல் புற்றுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிப் பரவிய புற்றை அழிக்க முடியும் என்பதற்கு முதல் கெட்டியான சாட்சி இதுதான்.

ஐஎல்-2-இன் இன்னொரு தொல்லை, அது யார் கையில் கிடைக்கிறது என்பது. அதன் ஏற்பிக்கு மூன்று உறுப்புகள்: ஆல்ஃபா, பீட்டா, காமா. மூன்றும் சேர்ந்தால் பிடி இறுகும், பீட்டாவும் காமாவும் மட்டும் என்றால் சுமார் நூறு மடங்கு தளர்ச்சி. மூன்றையும் எப்போதும் வைத்திருப்பவை, தாக்குதலை அடக்கும் ட்ரெக் செல்கள். குறைந்த டோஸ் கொடுத்தால் முதலில் சாப்பிடுவது அவைதான். எனவே ஆல்ஃபாவில் ஒட்டாத ஐஎல்-2 செய்தால் பிரச்சினை தீர்ந்தது என்று கணக்குப் போட்டார்கள். தாளில் அழகான கணக்கு. பெம்ப்பெக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மூலக்கூறை, டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப்புடன் சேர்த்து மெலனோமாவில் மூன்றாம் கட்டச் சோதனை செய்தார்கள், தனி நிவோலுமாப்பை அது மிஞ்சவில்லை. 2022-இல் திட்டமே மூடப்பட்டது. சமீபத்தில் தூண்டப்பட்ட, கட்டியை அடையாளம் கண்ட டி செல்களிலும் ஆல்ஃபா இருக்கிறது. அதைத் தவிர்த்ததில் நமக்கு வேண்டியவர்களையும் சேர்த்தே தவிர்த்திருக்கலாம் என்பது என் சாய்வு.

*

நெல்லை_ஆன்கோ

பித்தன் சார், சுருக்கமாகச் சொன்னால் ஐஎல்-2 செத்துப்போன மருந்துதானே? நிவோலுமாப் மாதிரியான செக்பாயின்ட் மருந்துகள் வந்த பிறகு யார் போடுகிறார்கள்?

*

டி_செல்_பித்தன்

இல்லை நண்பரே. தனி மருந்தாக ஓய்ந்தது உண்மை. ஆனால் 2024 பிப்ரவரியில் மெலனோமாவுக்கு ஒப்புதல் பெற்ற லிஃபிலூசெல், அதாவது கட்டிக்குள் இருந்தே டி செல்லை எடுத்து வளர்த்துத் திருப்பி ஏற்றும் டில் சிகிச்சை, ஐஎல்-2 இல்லாமல் நடக்காது. வளர்ப்பது ஐஎல்-2-இல், ஏற்றிய பிறகும் அதே 6 லட்சம் யூனிட் கணக்கில் 6 டோஸ் வரை. அந்த வார்டு செவிலியருக்கு மணி சாரின் டெக்ஸ்ட்ரோஸ் எச்சரிக்கை இன்றைக்கும் வேண்டும். ஐஎல்-2 ஓடும்போது ஸ்டீராய்டு தவிர்ப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கயல் சிஸ்டரிடம் ‘தொடாதீர்கள்’ என்று சொன்னவர் இங்கிருந்துதான் பழக்கத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஜெயித்தவை எவை என்று பார்த்தால் ஒரு ஒற்றுமை கண்ணில் படும், அவை செய்தியை அந்த இடத்திலேயே சொல்கின்றன. ஐஎல்-15-ஐ அடிப்படையாகக் கொண்ட அன்க்டிவா 2024 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 400 மைக்ரோகிராமை பிசிஜி-யோடு (காசநோய்த் தடுப்பூசிக் கிருமி, சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் மருந்து) கலந்து சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள், வாரம் ஒருமுறை, 6 வாரம், இரண்டு மணி நேரம் உள்ளே தங்க வேண்டும். பிசிஜி கேட்காமல்போன 77 பேரில் 62 சதவீதத்தினருக்குப் புற்று முழுமையாக மறைந்தது. ஐஎல்-15-ம் அதே பீட்டா-காமாவைத்தான் தட்டுகிறது, ட்ரெக்கை ஊட்டி வளர்ப்பதில்லை. அதே பைக்குள் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா மரபணுவை வைரஸ் வழியே கொண்டுபோகும் நாடோஃபாரஜீன் 2022 டிசம்பரில் வந்தது. 2015-இல் வந்த டி-வெக், மெலனோமாக் கட்டிக்குள் ஊசியாகப் போடும் ஹெர்பிஸ் வைரஸ். ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைனின் மரபணு அதில் சொருகப்பட்டிருக்கிறது.

செக்பாயின்ட் மருந்துகளிலும் சைட்டோகைன் இல்லாமல் கதை நகராது. டி செல்லின் பிரேக்கான பிடி-1-ஐத் தடுத்ததும் டி செல் இன்டர்ஃபெரான் காமா விடும். புற்றுச் செல் அதை ஜாக்1, ஜாக்2 வழியே கேட்டு தன்னை அடையாளம் காட்டும் எம்எச்சி புரதத்தை உயர்த்திக்கொள்ளும், டி செல்லுக்கு நன்றாகத் தெரியும். ஜாக்1 அல்லது ஜாக்2 பழுதான புற்றுச் செல் செய்தியைக் கேட்பதே இல்லை. முதலில் பிடி-1-ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப்புக்குக் கரைந்து, வருடங்கள் கழித்துத் திரும்பி வந்த சில மெலனோமாக் கட்டிகளில் இந்தப் பழுதைத்தான் 2016-இல் கண்டார்கள்.

வேகமும் முக்கியம். 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் டிஜிஎன்1412 என்ற, டி செல்லின் சிடி28-ஐத் தட்டும் ஆன்டிபாடியை ஆறு ஆரோக்கியமான ஆட்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். 90 நிமிடத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல், எல்லாரும் ஐசியு. உயிர் பிழைத்தார்கள். இன்று டி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைக்கும் பிளினாடுமோமாப்பை முதல் வாரம் நாளுக்கு 9 மைக்ரோகிராம், பிறகு 28 என்று படியேற்றுவது இந்தப் புயலுக்குப் பயந்துதான். பம்ப் மாற்றும்போது லைனை ஃப்ளஷ் செய்தால் குழாயில் தங்கியிருந்த மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும், படியேற்றியதெல்லாம் வீண்.

*

மருந்தறை_மணி

அந்தக் கடைசி வரியைச் சிவப்பில் எழுதி பம்ப்பிலேயே ஒட்டுங்கள் சிஸ்டர். பை மாற்றும்போது சலைன் தள்ளிப் பார்ப்பது எல்லாக் கைக்கும் பழகிப்போன வேலை. பிளினா லைனுக்கு மட்டும் தனி வழி வையுங்கள், அதில் ரத்தமும் எடுக்கக் கூடாது, வேறு மருந்தும் போகக் கூடாது.

*

கயல்_வார்டு

எல்லோருக்கும் நன்றி. 7-ம் நாள் வரிசையில் ‘கல்ச்சர், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், ஃபெரிட்டின், ஐஸ் மதிப்பெண், டோசி இப்போது இல்லை’ என்று எழுதிவிட்டேன். ஐஎல்-6 கட்டத்தைச் சார்ட்டிலிருந்தே எடுத்துவிடலாமா?

*

பைப்பெட்_பரமு

எடுக்க வேண்டாம். செல் ஏற்றும் முன் ஒன்று, முதல் காய்ச்சலில் ஒன்று, டோசிக்கு முன் ஒன்று என்று அனுப்புங்கள், அவற்றுக்கு மதிப்பு உண்டு. டோசி போட்ட நேரத்தில் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து நேரத்தை எழுதிவிடுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் வரும் எண்ணை ராத்திரி டியூட்டி டாக்டர் பார்த்து அலறாமல் இருந்தால் போதும்.